ஒரு குதிரையின் பெயரும் ஒரு பூஜ்யமும்: வீ கன்சோலில் நம் நிரல் ஓடுவது எப்படி?

எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே வீ (Wii) என்ற பழைய வீடியோ கேம் கன்சோல் ஒன்று இருக்கிறது. டிஸ்க் படிக்கும் பாகம் செத்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் அதைப் போடுகிறோம். அதில் ஓடுவது கடையில் வாங்கிய விளையாட்டு இல்லை, நான் எழுதிய ஒரு சின்ன நிரல். கன்சோலைத் தயாரித்த நிண்டெண்டோ பார்த்ததும் இல்லை, அனுமதித்ததும் இல்லை. இப்படிப்பட்ட நிரல்களுக்குத்தான் ஹோம்புரூ என்று பெயர். ஆலையில் வாங்காமல் வீட்டிலேயே காய்ச்சும் பீருக்கு இருந்த பெயரை நிரல் எழுதுகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஹோம்புரூ என்றதும், "ஓ, திருட்டு கேம் போடுற வேலையா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் யாரும் நம்புவதில்லை. ஒரு கன்சோல் எதைப் பார்த்து ஒரு நிரலை நம்புகிறது, அந்த நம்பிக்கை எங்கே சறுக்கியது, சறுக்கிய இடத்தில் யார் எதற்காக நுழைந்தார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். வீ இதற்கு நல்ல உதாரணம். 2006 நவம்பரில் வெளிவந்து 10 கோடிக்கு மேல் விற்ற இயந்திரம் அது. அதன் பூட்டு திறந்த கதை இன்று அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும்.

முதலில் பூட்டைப் பார்ப்போம். வீக்குள் பிராட்வே என்ற பவர்பிசி செயலி இருக்கிறது. வேகம் 729 மெகாஹெர்ட்ஸ். விளையாட்டுகள் ஓடுவது இதில்தான். பக்கத்தில் ஹாலிவுட் என்ற கிராஃபிக்ஸ் சில்லு. அந்தச் சில்லுக்குள்ளேயே சத்தமில்லாமல் இன்னொரு குட்டிச் செயலி, ஆர்ம் வகையைச் சேர்ந்தது, ஒளிந்திருக்கிறது. ஹேக்கர்கள் அதற்கு ஸ்டார்லெட் என்று பெயர் வைத்தார்கள். எஸ்டி கார்டு, வைஃபை, யூஎஸ்பி, டிஸ்க், 512 எம்பி உள்நினைவகம் என்று எல்லாவற்றின் சாவிக்கொத்தும் இந்தக் குட்டிச் செயலியின் இடுப்பில்தான். அதில் ஓடும் மென்பொருளுக்கு ஐஓஎஸ் என்று பெயர் (ஐபோனில் இருப்பது வேறு). விளையாட்டுக்கு ஒரு கோப்பு வேண்டுமென்றால்கூட ஐஓஎஸ்ஸிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். புதிதாக ஒரு மென்பொருளை நிறுவ வேண்டுமென்றால், அதனுடன் வரும் ஆவணத்தில் நிண்டெண்டோவின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று ஐஓஎஸ் பார்க்கும். இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே.

அந்தக் கையொப்பத்தைப் போடும் உரிமை யாருக்குக் கிடைத்தது? அந்தக் காலத்தில் நிண்டெண்டோவின் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டும். விண்ணப்பிப்பவருக்கு வீட்டிலிருந்து பிரிந்த, பாதுகாப்பான தனி அலுவலகம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு வாசலே கிடையாது.

வாசல் இல்லாதவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். டீம் ட்வீஸர்ஸ் என்ற குழுவின் பெயரே அவர்கள் கையில் எடுத்த கருவியிலிருந்து வந்தது: ட்வீஸர், புருவ முடி பிடுங்கும் சாமணம். முந்தைய தலைமுறை கேம்கியூப் விளையாட்டுகளையும் வீ ஓட்டும். அப்படி ஓட்டும்போது வீயின் 64 எம்பி கூடுதல் நினைவகத்தில் 16 எம்பி மட்டும் கண்ணுக்குத் தெரியும், மற்றது மறைக்கப்பட்டிருக்கும். மறைக்கப்பட்டதே தவிர அழிக்கப்படவில்லை. கேம்கியூப் முறையில் ஏற்கெனவே சொந்த நிரலை ஓட்டத் தெரிந்திருந்த இவர்கள், கன்சோலைப் பிரித்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவகத்தின் முகவரிக் கம்பிகளைச் சாமணத்தால் குறுக்கே இணைத்தார்கள். ஒரு முகவரியைக் கேட்டால் வேறொரு முகவரியில் இருப்பது வந்தது. இப்படி மாற்றி மாற்றி இணைத்து, மறைந்திருந்த பகுதியைத் துண்டு துண்டாக வெளியே எடுத்தார்கள். அதில் ஐஓஎஸ் முழுதாகக் கிடந்தது, கூடவே மறைகுறியாக்கச் சாவிகளும். 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸில் வீயில் சொந்த நிரல் ஓடுவதை உலகம் பார்த்தது.

சாமணமும் சால்டரிங் இரும்பும் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பயன்படுகிற வழி போதாது. சாதாரணமாக வீட்டில் வீ வைத்திருப்பவருக்கு ஒரு கதவு வேண்டும். அது செல்டா வரிசையில் வந்த ட்விலைட் பிரின்சஸ் விளையாட்டில் கிடைத்தது. அதில் கதாநாயகன் ஏறும் குதிரைக்கு நாமே பெயர் வைக்கலாம். அந்தப் பெயர் சேமிப்புக் கோப்பில் பதிவாகும். கோப்பைத் திரும்ப ஏற்றும்போது பெயரின் நீளத்தை விளையாட்டு சரிபார்ப்பதில்லை. விளையாட்டுக்குள் தட்டச்சு செய்தால் நீளமான பெயரை ஏற்காது என்பதால், கோப்பில் வருவதும் அளவாகத்தான் இருக்கும் என்று எழுதியவர் நம்பிவிட்டார்.

ஹேக்கர்கள் கோப்பிலேயே கைவைத்துப் பெயரை மிக நீளமாக்கினார்கள். அந்தப் பெயருக்கு ஒதுக்கிய இடம் நிரம்பி வழிந்து, அடுத்து எந்த முகவரிக்குத் திரும்ப வேண்டும் என்று செயலி குறித்து வைத்திருந்த இடத்தையும் மூடியது. பெயரின் வால்பகுதியில் இருந்த எண்ணைத் தன் அடுத்த முகவரி என்று நினைத்துக்கொண்டு செயலி அங்கே போனது. அங்கே ஹேக்கர்களின் நிரல் காத்திருந்தது. பயன்படுத்துகிறவர் செய்ய வேண்டியதெல்லாம், அந்தச் சேமிப்பை எஸ்டி கார்டிலிருந்து ஏற்றி, விளையாட்டைத் திறந்து, எதிரே நிற்கும் ஆளிடம் பேசுவது. 2008 பிப்ரவரியில் இது ட்விலைட் ஹேக் என்ற பெயரில் வெளிவந்தது. சேமிப்புக் கோப்புகளுக்கும் கையொப்பம் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அந்தக் கையொப்பத்தை இடுவது ஒவ்வொரு கன்சோலும்தான். சாமணத்தால் ஒரு கன்சோலின் சாவியை எடுத்தாயிற்றே, அது போதுமானதாக இருந்தது.

இதில் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு முறையும் டிஸ்க்கைப் போட்டு, குதிரையை எழுப்பி, ஆளிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டும். நிரந்தரமாக நிறுவ வேண்டுமென்றால் ஐஓஎஸ் கேட்கும் நிண்டெண்டோ கையொப்பம் வேண்டும். இங்கேதான், என் கணக்கில், இந்தக் கதையிலேயே மிக அழகான இடம் வருகிறது.

கையொப்பத்தைச் சரிபார்ப்பது இப்படி நடக்கும். ஆவணத்தின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டால் 20 பைட் நீளத்தில் ஒரு எண்வரிசை வரும், கைரேகை மாதிரி. கையொப்பத்தைப் பிரித்தால் அதற்குள்ளும் 20 பைட் வரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி. இந்த ஒப்பிடும் வேலைக்கு ஐஓஎஸ்ஸை எழுதியவர் சி மொழியின் ஸ்ட்ரன்கம்ப் என்ற செயல்பாட்டைப் பயன்படுத்தியிருந்தார். அது எழுத்துகளாலான சொற்களை ஒப்பிடுவதற்கு உள்ளது. சி மொழியில் ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதற்கு அடையாளம் பூஜ்ய பைட். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் பூஜ்யம் வந்தால், ‘சொல் முடிந்துவிட்டது, இதுவரை எல்லாம் ஒத்துப்போனது’ என்று அது நின்றுவிடும். எழுத்துக்கு அது சரி. கைரேகைக்கு அது பேராபத்து, ஏனென்றால் கைரேகையின் நடுவில் பூஜ்யம் இயல்பாகவே வரும்.

இப்போது கையொப்பம் முழுவதையும் பூஜ்யமாக நிரப்புங்கள். கையொப்பத்தைப் பிரிப்பது என்பது அந்த எண்ணைத் தன்னாலேயே பலமுறை பெருக்கும் கணக்கு. பூஜ்யத்தை எத்தனை முறை பெருக்கினாலும் பூஜ்யம்தான். ஆக, பிரித்த பிறகு உள்ளே கிடைக்கும் 20 பைட்டும் பூஜ்யம். கையொப்பத்தைச் சுற்றி இருக்க வேண்டிய நிரப்பு எண்களையும் ஐஓஎஸ் பார்க்கவில்லை, அதனால் இது தப்பிவிடுகிறது. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: நம் ஆவணத்தின் கைரேகையும் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். ஆவணத்தில் யாரும் பயன்படுத்தாத ஒரு மூலையில் ஒரு எண்ணை 1, 2, 3 என்று மாற்றிக்கொண்டே போனால், சராசரியாக 256 முயற்சியில் ஒன்று அப்படி அமைந்துவிடும். கணினிக்கு அது கண் சிமிட்டும் நேரம். முதல் பைட்டிலேயே இரண்டு பக்கமும் பூஜ்யம். ஒப்பிடுவது அங்கேயே நிற்கிறது. கையொப்பம் சரி! எத்தனை சூப்பர் கணினிகளை வைத்தாலும் உடைக்க முடியாத, ஆர்எஸ்ஏ என்ற கணித முறையில் இட்ட 2048 பிட் கையொப்பம், நூலகத்திலிருந்து தவறான செயல்பாட்டை எடுத்ததால் ஒன்றுமில்லாமல் போனது. கணிதம் தோற்கவே இல்லை.

இந்த வழியில் 2008 மே மாதம் ஹோம்புரூ சேனல் வந்தது. வீயின் முகப்பில் தனிக் கட்டமாக உட்கார்ந்துகொள்ளும். திறந்தால் நீர்க்குமிழிகள் மிதக்கும் பின்னணியில் நம் நிரல்களின் பட்டியல். எஸ்டி கார்டில் ஆப்ஸ் என்ற அடைவு, அதற்குள் நிரலுக்கு ஒரு அடைவு, அதில் நிரல் கோப்பு, பெயரும் விவரமும் கொண்ட சின்ன எக்ஸ்எம்எல் கோப்பு, 128-க்கு 48 புள்ளி அளவில் ஒரு படம். அவ்வளவுதான் நிறுவுதல்.

அடுத்து வந்தது துரத்தல். 2008 ஜூனில் நிண்டெண்டோ வெளியிட்ட 3.3 அப்டேட் குதிரைச் சேமிப்புகளைத் தேடி அழித்தது. அதைச் சுற்றிப் போனார்கள். 2009 மார்ச்சில் 4.0 வந்து அந்த வழியை மூடியது. வேறு விளையாட்டுகளில் இதே வகை ஓட்டைகள் கிடைத்தன. ஸ்ட்ரன்கம்ப் பிழை புதிய ஐஓஎஸ்களில் திருத்தப்பட்டது. ஆனால் கன்சோல் விழித்ததும் ஓடும் தொடக்க நிரலில் ஒரு பகுதியை யாராலும் மாற்ற முடியாது. அதன் கைரேகை ஆலையிலேயே சில்லுக்குள் பொறிக்கப்பட்டது. ஆரம்பகாலக் கன்சோல்களில் அதற்குள்ளும் இதே பிழை இருக்கிறது. ஆகவே அவை கடைசி மூச்சுவரை திறந்தே இருக்கும்.

2009 செப்டம்பரில் வந்த 4.2 அப்டேட்டை மட்டும் என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. ஹோம்புரூவை நீக்குவதற்காக அது தொடக்க நிரலின் அடுத்த பகுதியை அழித்து எழுதியது. எழுதும்போது கொஞ்சம் பிசகினாலும் கன்சோல் மறுபடி எழாது. பேச்சு வழக்கில் சொன்னால் பிரிக் ஆகிவிடும். எந்த மாற்றமும் செய்யாத, கடையில் வாங்கியபடியே இருந்த சில கன்சோல்களும் இதில் போயின. ஒரு பகுதியினரின் ஆர்வத்தைத் தடுப்பதற்காகக் கோடிக்கணக்கான பேரின் பொருளை அப்படிப்பட்ட அபாயத்தில் வைத்தது நியாயமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

நான் பயன்படுத்திய வழி 2011 ஆகஸ்ட்டில் வந்த லெட்டர்பாம். அதற்கு எந்த விளையாட்டும் தேவையில்லை. வீயில் குடும்பத்தார் ஒருவருக்கொருவர் குறிப்பு விட்டுப்போக ஒரு செய்திப் பலகை உண்டு. நம் கன்சோலின் வைஃபை முகவரிக்கு ஏற்றபடி செய்த ஒரு கோப்பை எஸ்டி கார்டில் போட்டுப் பலகையைத் திறந்து, ஒரு நாள் பின்னால் போனால், சிவப்பு உறையில் ஒரு வெடிகுண்டுப் படம் நிற்கும். அதை அழுத்தியதும் நிறுவி திறக்கும். அன்று இரவு கை நடுங்கியது உண்மை. அதனால் முதல் வேலையாக பூட்மீ என்ற கருவியால் உள்நினைவகம் முழுவதையும் நகலெடுத்தேன். 528 எம்பி. புளூடூத் விழிக்காத நிலையில் ஓடும் கருவி அது என்பதால் ரிமோட் வேலை செய்யாது. கன்சோலின் முகப்பில் உள்ள பவர் பொத்தானால் நகர்ந்து, ரீசெட் பொத்தானால் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே அறிவுரை இந்த நகல்தான். அதை எடுக்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

சரி, கதவு திறந்தாயிற்று. எழுதுவது எப்படி? டெவ்கிட்புரோ என்ற திட்டம் கணினியில் சி, சி++ மொழியில் எழுதியதை பவர்பிசிக்கு மாற்றித் தரும் தொகுப்பியைக் கொடுக்கிறது. கூடவே லிப்ஓஜிசி என்ற நூலகம், திரை, ஒலி, ரிமோட் எல்லாவற்றோடும் பேசுவதற்கு. கணினியிலிருந்து வைஃபை வழியாக ஹோம்புரூ சேனலுக்கு நிரலை நேராக அனுப்பலாம், கார்டைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருக வேண்டாம். நிரல் மோதி விழுந்தால், செயலிக்குள் இருக்கும் பதிவகங்களின் எண்களெல்லாம் திரையில் வரிசையாக வந்து நிற்கும். அதிலுள்ள முகவரியைக் கணினியில் கொடுத்தால் எந்த வரியில் பிழை என்று காட்டும்.

நான் முதலில் எழுதியது திரையில் ஒரு சிவப்புக் கோடு போடும் நிரல். ஓட்டினால் கோடு அரைகுறையாக, புள்ளி புள்ளியாக வந்தது. இரண்டு இரவு போனது. காரணம் இதுதான்: செயலி எழுதுவது உடனே நினைவகத்துக்குப் போவதில்லை. நடுவில் கேஷ் என்ற சிறு இடைக்கிடங்கில் தங்கும். டிவிக்குப் படம் அனுப்பும் பகுதியோ நினைவகத்தை நேராகப் படிக்கும். நான் எழுதியதில் பாதி கிடங்கிலேயே கிடந்தது. வீயில் ஒரே நினைவகத்துக்கு இரண்டு முகவரிகள் உண்டு. பதினாறடிமான எண்ணில் 8 என்று தொடங்கினால் கிடங்கு வழியாகப் போகும், சி என்று தொடங்கினால் நேராகப் போகும். முதல் எழுத்தை மாற்றியதும் கோடு முழுதாக வந்தது. ஆனால் ஓரத்தில் நிறம் கசிந்திருந்தது. ஏனென்றால் வீயின் திரைநினைவகத்தில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகள் வெளிச்சத்தைத் தனித்தனியாக வைத்துக்கொண்டாலும் நிறத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. 640-க்கு 480 புள்ளிகளுக்கு 6,14,400 பைட் போதுமாவது இதனால்தான். வருடக்கணக்காக நிரல் எழுதிச் சம்பாதிக்கும் எனக்கு, நினைவகம் எப்படி இருக்கும் என்று உண்மையில் தெரிந்தது இந்தக் கோட்டால்தான்.

திருட்டு விளையாட்டு விஷயத்துக்கு வருகிறேன். அதே ஓட்டைகள் வழியாக நகலெடுத்த விளையாட்டுகளை ஓட்டும் கருவிகளும் வந்தன, பரவவும் செய்தன. இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கதவைக் கண்டுபிடித்தவர்கள் அதற்கு எதிராகவே நின்றார்கள். அவர்கள் வெளியிட்டவற்றில் நகல் ஓட்டும் வசதியை வைக்கவில்லை. நிறுவியைத் திறந்ததும், இதைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள் என்ற எச்சரிக்கைதான் முதலில் வரும்.

இந்தச் சமூகத்துக்குள்ளும் ஒரு காயம் உண்டு. 2025 ஏப்ரலில், ஹோம்புரூ சேனலை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹெக்டர் மார்ட்டின் அதன் மூலநிரல் களஞ்சியத்தை இனி மாற்றமில்லை என்று மூடிவைத்தார். லிப்ஓஜிசியின் சில பகுதிகள் ஆர்டெம்ஸ் என்ற திறந்தமூல இயங்குதளத்திலிருந்து, எழுதியவர்களின் பெயரை நீக்கி எடுக்கப்பட்டவை என்பது அவர் குற்றச்சாட்டு. நிண்டெண்டோவின் நிரலிலிருந்து பிரித்தெடுத்த பகுதிகள் அதில் இருப்பது முன்பே பேசப்பட்டதுதான். அது வேறு, திறந்து வைத்திருப்பவரிடமே பெயரை அழித்து எடுப்பது வேறு என்பது அவர் வாதம். அந்த நூலகத்தின் மேல்தான் என் கோடும் நிற்கிறது என்பதால் எனக்கு அது கஷ்டமாகவே இருந்தது. குற்றச்சாட்டு முழுக்கச் சரியோ இல்லையோ, உரிமக் குறிப்பைப் பொறுத்தவரை அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

சட்டமும் ஒரே குரலில் பேசுவதில்லை. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2012-இல் ஸ்மார்ட்ஃபோன்களில் விருப்பமான நிரல்களை ஓட்டுவதற்காகப் பூட்டைத் திறக்க அனுமதித்தது. அதே கோரிக்கையை கன்சோல்களுக்கு மறுத்துவிட்டது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றம் என்கிறது. நோக்கம் என்ற அந்தச் சொல்தான் முக்கியம்.

இதற்கிடையே நிண்டெண்டோ வீயை விட்டு நகர்ந்துவிட்டது. 2014 மே மாதம் இணைய விளையாட்டுச் சேவை நின்றது, 2019 ஜனவரி 30-இல் வீ ஷாப் மூடப்பட்டது. இன்றும் மரியோ கார்ட்டை இணையம் வழியாக ஆடுகிறவர்கள், ரசிகர்கள் நடத்தும் வீம்ஃபி போன்ற சர்வர்களில் ஆடுகிறார்கள். ஹோம்புரூ இல்லையென்றால் அந்தப் பந்தயங்கள் 2014-லேயே முடிந்திருக்கும்.

எங்கள் வீட்டு நிரலைச் சொல்லி முடிக்கிறேன். அண்ணன் மகளுக்காகத் தமிழ் எழுத்து விளையாட்டு ஒன்று எழுத நினைத்தேன். டிவியில் எழுத்து வரும், ரிமோட்டால் சுட்டிச் சொல்ல வேண்டும். ஃப்ரீடைப் என்ற எழுத்துரு நூலகம் வீக்கு உண்டு. அதில் ‘கொ’ என்று கொடுத்தேன். ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்றாகப் பிரித்து, கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்கும் அறிவு அதற்குத் தனியாக இல்லை. கொம்பை நானே பிரித்து முன்னால் வைக்கலாம், அது சில வரி வேலை. ஆனால் கு, டூ, ழு என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவமாக வளைந்து நிற்கும் உகர, ஊகார வரிசைகளுக்கு என்ன செய்வது? கடைசியில் 512-க்கு 512 புள்ளிகளில் ஒரே படமாக எல்லா எழுத்துகளையும் கணினியிலேயே வரைந்து ஏற்றிவிட்டேன். 16 வரிசை, வரிசைக்கு 16 கட்டம், மொத்தம் 256. தமிழ் எழுத்துகள் 247 போக 9 கட்டம் மிச்சம். ஜ, ஷ, ஸ, ஹ, ஸ்ரீ, க்ஷ என்று ஆறை அதில் வைத்தேன். காலியாக இருந்த மூன்றைப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இதுல நாய்க்குட்டி வரைங்க" என்றாள். இப்போது ஒன்றில் நாய்க்குட்டி இருக்கிறது. மற்ற இரண்டில் என்ன வேண்டும் என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.